டிஎஸ்என் வேண்டாம் என்றால், கணினியில் எதுவுமே வேண்டாமா?

"கனெக்ஷன் ஸ்ட்ரிங்கை கோடிலேயே எழுதிட்டா போதும், அப்புறம் எந்தக் கணினியிலயும் எதையும் செட்டப் பண்ண வேண்டாம்." டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறவர்கள் நடுவே அடிக்கடி அடிபடும் பேச்சு இது. டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது, அதோடு எப்படிப் பேசுவது என்று சொல்லும் வரிதான் கனெக்ஷன் ஸ்ட்ரிங். அதே விவரங்களை ஒவ்வொரு கணினியிலும் ஒரு பெயரில் சேமித்துவைத்தால் அது டிஎஸ்என். கேட்டவர் நம்பி அப்படியே செய்வார். அவருடைய கணினியில் ஓடும். பக்கத்து மேசைக் கணினியிலும் ஓடும். மூன்றாவது கணினியில் ஒரு நீளமான எரர் வந்து நிற்கும்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்ள நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஒரு மென்பொருள் டேட்டாபேஸோடு பேசும்போது என்ன நடக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் போதும்.

## இணைப்பு என்பது ஒரு போன் கால்

டேட்டாபேஸ், அதாவது தரவுத்தளம், என்றதும் பலர் எங்கோ கிடக்கும் ஒரு ஃபைலை நினைத்துக்கொள்கிறார்கள். எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் போன்றவை அப்படியல்ல. அவை வேறொரு கணினியில் எப்போதும் ஓடிக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருக்கும் புரோகிராம்கள். அந்தக் கணினிக்குச் சர்வர் என்று பெயர். உங்கள் மென்பொருள் அதைக் கூப்பிடுகிறது. அது எடுத்துப் பேசுகிறது.

ஒரு போன் காலுக்கு என்னென்ன வேண்டும்? எண் தெரிய வேண்டும். எதிரில் இருப்பவருக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும். நீங்கள் யார் என்று சொன்னதும் அவர் பேச ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கேயும் இதே மூன்றுதான்.

எண் என்பது சர்வரின் பெயரும் அதன் போர்ட்டும். ஒரே கணினியில் பல புரோகிராம்கள் அழைப்புக்காகக் காத்திருக்கலாம்; எந்த அழைப்பு யாருக்கு என்று பிரித்துக் காட்டும் எண்தான் போர்ட். வழக்கமாக எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432, ஆரக்கிளுக்கு 1521.

மொழி விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எல்லா டேட்டாபேஸும் எஸ்க்யூஎல் பேசுகின்றனவே, அப்புறம் என்ன என்று தோன்றும். எஸ்க்யூஎல் என்பது டேட்டாபேஸிடம் கேட்க நாம் எழுதும் வாக்கியம் மட்டுமே. அந்த வாக்கியத்தை எந்த வரிசையில், எப்படிப் பொதிந்து, நெட்வொர்க் வழியாக அனுப்புவது என்பது ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் வேறு. அதைச் செய்து தரும் மொழிபெயர்ப்பாளருக்கு டிரைவர் என்று பெயர். விண்டோஸில் அது பெரும்பாலும் ஒரு டிஎல்எல் ஃபைல்தான், அதாவது மற்ற மென்பொருள்கள் ஏற்றிப் பயன்படுத்திக்கொள்ளும் கோடு.

ஆக, முகவரி, டிரைவர், அனுமதி. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "செட்டப் வேண்டாம்" என்ற பேச்சு தடுமாறுகிறது. ஒரு கணினியிலிருந்து இந்த மூன்றையும் தனித்தனியாகத்தான் விலக்க முடியும். ஒன்றை விலக்கினால் மற்ற இரண்டும் தானாகப் போய்விடாது.

## போனில் சேமித்த பெயர்: டிஎஸ்என்

மைக்ரோசாஃப்ட் 1992-இல் ஓடிபிசி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் மென்பொருள் ஒரே விதமாகக் கேட்கலாம், மொழிபெயர்ப்பை அந்தந்த டிரைவர் பார்த்துக்கொள்ளும் என்பதே அதன் யோசனை. நடுவில் டிரைவர் மேனேஜர் என்று ஒரு ஆள் உண்டு. எந்த டிரைவரைக் கூப்பிட வேண்டும் என்று தேடி எடுத்துத் தருவது அதன் வேலை. இது விண்டோஸோடேயே வந்துவிடுகிறது.

அதோடு வந்ததுதான் டிஎஸ்என். டிரைவர் எது, சர்வர் எது, எந்த டேட்டாபேஸ் என்ற விவரங்களையெல்லாம் ஒரு செல்லப்பெயரின் கீழ் அந்தக் கணினியில் எழுதிவைப்பது. மென்பொருளில் அந்தச் செல்லப்பெயரை மட்டும் சொன்னால் போதும்.

போனில் "மாமா" என்று ஒரு எண்ணைச் சேமித்துவைப்பது போலத்தான். உங்கள் போனில் "மாமா" என்று தட்டினால் உங்கள் மாமாவுக்குப் போகும். நண்பரின் போனை வாங்கி அதில் "மாமா" என்று தட்டினால்? அவர் அந்தப் பெயரைச் சேமிக்காமல் இருந்தால் கால் போகவே போகாது. சேமித்திருந்தால் அது இன்னும் மோசம். அவருடைய மாமா எடுப்பார்.

இந்த இரண்டாவது விபத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு அலுவலகத்தில் இருபது கணினிகளில் டிஎஸ்என் அமைக்க வேண்டியிருந்தது. கையில் ஒரு தாளோடு ஒவ்வொரு மேசையாகப் போனோம். பத்தொன்பதில் சரியாகச் செய்தோம். ஒன்றில் ஏற்கெனவே அதே பெயரில் டிஎஸ்என் இருந்தது; "ஆச்சு, இதுல முன்னாடியே போட்டிருக்காங்க" என்று நகர்ந்துவிட்டோம். அது சோதனை டேட்டாபேஸைக் காட்டிக்கொண்டிருந்தது. எரர் எதுவும் வரவில்லை. அந்த மேசைக்காரர் இரண்டு வாரம் மும்முரமாகப் பதிவுகளைச் சோதனை டேட்டாபேஸில் போட்டுக்கொண்டிருந்தார்.

டிஎஸ்என்னில் மூன்று வகை. யூசர் டிஎஸ்என் அமைத்த ஆளுக்கு மட்டும் தெரியும். அதே கணினியில் வேறு பெயரில் லாகின் செய்தால் காணாமல் போய்விடும். சிஸ்டம் டிஎஸ்என் அந்தக் கணினியில் எல்லோருக்கும் தெரியும். இரண்டும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேர்த்துவைக்கும் இடத்தில், உட்கார்ந்திருக்கும். ஃபைல் டிஎஸ்என் என்பது விவரங்களை ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் வைப்பது. அதைப் பொது ஃபோல்டரில் போடலாம், ஆனால் யாரும் பெரிதாகப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

## எண்ணை முழுதாகச் சொல்லிவிடுவது: கனெக்ஷன் ஸ்ட்ரிங்

செல்லப்பெயரை விட்டுவிட்டு, விவரங்களை மென்பொருளே நேராகச் சொல்லிவிடுவதுதான் டிஎஸ்என் இல்லாத இணைப்பு. அந்த விவர வரிக்குக் கனெக்ஷன் ஸ்ட்ரிங் என்று பெயர். உண்மையில் அது ஆங்கில எழுத்தில் இருக்கும். அமைப்பு புரிவதற்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்:

டிரைவர்={ஓடிபிசி டிரைவர் 18 ஃபார் எஸ்க்யூஎல் சர்வர்}; சர்வர்=விற்பனை-சர்வர்,1433; டேட்டாபேஸ்=விற்பனை; டிரஸ்டட்_கனெக்ஷன்=யெஸ்;

எந்த மொழிபெயர்ப்பாளர், எந்த முகவரி, அங்கே எந்த அறை, எந்த அடையாளத்தோடு வருகிறேன் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரில் போர்ட் எண்ணைக் காற்புள்ளி வைத்துச் சொல்வார்கள். மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் போர்ட் தனித் துண்டாக வரும்.

இந்த வரி கைக்கு வந்ததும் டிரைவர் மேனேஜர் என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். வரியில் டிஎஸ்என் என்று இருந்தால், ரெஜிஸ்ட்ரியில் ஓடிபிசி.ஐஎன்ஐ என்ற கிளைக்குப் போய் அந்தச் செல்லப்பெயரைத் தேடும். டிஎஸ்என்னுக்குப் பதில் டிரைவர் என்று இருந்தால் அந்தப் பக்கமே போகாது. ஆனால் அது வேறொரு கிளைக்குப் போகிறது. அதன் பெயர் ஓடிபிசிஐஎன்எஸ்டி.ஐஎன்ஐ. அங்கேதான் இந்தக் கணினியில் எந்தெந்த டிரைவர் இருக்கிறது, அதன் டிஎல்எல் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்ற பட்டியல் உண்டு. வளைவு அடைப்புக்குறிக்குள் நாம் எழுதிய பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் அந்த டிஎல்எல்லை ஏற்றும். இல்லையென்றால் கையை விரிக்கும்.

இதுவரை பார்த்ததில், கனெக்ஷன் ஸ்ட்ரிங் முகவரியைக் கணினியிலிருந்து எடுத்து மென்பொருளுக்குள் வைத்துவிட்டது. இருபது மேசைக்கும் தாளோடு அலைய வேண்டாம். சோதனை டேட்டாபேஸ் விபத்தும் நடக்காது. டிரைவர் மட்டும் இன்னும் அந்தக் கணினியில்தான் இருந்தாக வேண்டும்.

## அப்படியானால் சிலருக்கு மட்டும் எப்படி ஓடுகிறது?

கட்டுக்கதை பிறந்த இடம் இதுதான். விண்டோஸோடு "எஸ்க்யூஎல் சர்வர்" என்ற பெயரில் ஒரு பழைய ஓடிபிசி டிரைவர் சேர்ந்தே வருகிறது. கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் அந்தப் பெயரை எழுதினால் எந்த விண்டோஸ் கணினியிலும் பெரும்பாலும் ஓடிவிடும். அதைப் பார்த்தவர் "ஒன்றுமே இன்ஸ்டால் செய்ய வேண்டாம்" என்று முடிவுகட்டி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். டிரைவர் வேண்டியிருக்கத்தான் செய்தது. ஏற்கெனவே அங்கே இருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. அதே ஆலோசனையை மைஎஸ்க்யூஎல்லுக்கோ போஸ்ட்கிரெஸுக்கோ பொருத்திப் பார்த்தவர்தான் மாட்டிக்கொள்கிறார். அவற்றின் டிரைவர்கள் விண்டோஸோடு வருவதில்லை.

சரி, எஸ்க்யூஎல் சர்வருக்கு அந்தப் பழைய டிரைவரையே வைத்துக்கொள்ளலாமே? சின்னக் கருவிகளுக்கு நானும் வைத்திருந்தேன். ஆனால் புதிய வேலைக்கு அதை எடுக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அதற்குப் பின்னால் வந்த டேட்டா வகைகள் அதற்குத் தெரியாது. எஸ்க்யூஎல் சர்வர் 2008-இல் வந்த தனித் தேதி வகையை, மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில் இந்த டிரைவர் வழியாக இணைத்தால், அது தேதியாக வராமல் வெறும் டெக்ஸ்டாக வந்து நிற்கும். அப்புறம் "ஏன் தேதியைத் தேதியாக எடுத்துக்கொள்ளவில்லை" என்று ஒரு நாள் போய்விடும்.

புதிய டிரைவர்களின் பெயரில் பதிப்பு எண்ணும் சேர்ந்தே இருக்கும். 17 நிறுவியிருக்கும் கணினியில் 18 என்று எழுதிய ஸ்ட்ரிங் ஓடாது. டிரைவர் மேனேஜருக்கு அவை இரண்டும் வேறு வேறு ஆட்கள். வெறுமனே 17-ஐ 18 என்று மாற்றி எழுதினாலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 18-இல் மறையாக்கம், அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி டேட்டாவை மாற்றி அனுப்புவது, சொல்லாமலே இயங்கத் தொடங்கிவிடும். சர்வர் தன்னை யார் என்று காட்டும் சான்றிதழ் நம்பத்தக்கதாக இல்லையென்றால் நேற்றுவரை போன இணைப்பு இன்று போகாது.

## 32, 64 குழப்பம்

இதற்குத் தனித் தலைப்பு வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மக்கள் அதிக நேரம் தொலைப்பது இங்கேதான்.

64-பிட் விண்டோஸில் ஓடிபிசி டிரைவர்களுக்கு இரண்டு தனி உலகங்கள் உண்டு. 32-பிட் மென்பொருள் 32-பிட் டிரைவரை மட்டுமே ஏற்ற முடியும், 64-பிட்டும் அப்படியே. இங்கே விண்டோஸ் எத்தனை பிட் என்பது கணக்கில்லை, உங்கள் மென்பொருள் எத்தனை பிட் என்பதுதான் கணக்கு. 64-பிட் விண்டோஸில் 32-பிட் ஆபீஸ் போட்டிருந்தால், அதிலிருக்கும் ஆக்சஸுக்கு 32-பிட் டிரைவர் வேண்டும்.

இதைச் சரிபார்க்கப் போகிறவரை விண்டோஸ் இன்னொரு முறை குழப்பும். ஓடிபிசி அமைப்புத் திரை இரண்டு இருக்கிறது. இரண்டுக்கும் ஃபைல் பெயர் ஒன்றே, ஓடிபிசிஏடி32. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64-பிட் திரை. சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32-பிட் திரை. தப்பாக அச்சாகவில்லை, அப்படித்தான் இருக்கிறது. பழைய மென்பொருள்கள் சிஸ்டம்32 என்ற பெயரை நம்பியிருந்ததால் அதை மாற்றாமல் 64-பிட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். "64-பிட் விண்டோஸுக்குள் ஓடும் 32-பிட் விண்டோஸ்" என்ற பொருளில் மற்றதற்கு அந்தப் பெயர் வந்தது. உங்கள் மென்பொருளுக்குப் பொருந்தும் திரையைத் திறந்து, டிரைவர்கள் என்ற தாவலில் நீங்கள் எழுதிய பெயர் அச்சு அசலாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

## டிரைவரையும் கையோடு கொண்டுபோனால்?

சில மொழிகளில் இது முடியும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதுகிறவர்களுக்கு ஓடிபிசியே தேவையில்லை. எஸ்க்யூஎல் சர்வருக்கு எஸ்க்யூஎல்கிளையன்ட், போஸ்ட்கிரெஸுக்கு என்பிஜிஎஸ்க்யூஎல் என்று நூலகங்கள் உண்டு. அவை உங்கள் மென்பொருளின் ஃபோல்டரிலேயே டிஎல்எல்களாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபோல்டரை நகலெடுத்தால் டிரைவரும் கூடவே வந்துவிடுகிறது. ரெஜிஸ்ட்ரியில் ஒன்றும் எழுத வேண்டாம். ஜாவாவில் முழுக்க ஜாவாவிலேயே எழுதிய ஜேடிபிசி டிரைவர்களும் அப்படித்தான். ஒரு ஜார் ஃபைல், அவ்வளவுதான்.

ஆக்சஸ், எக்செல் மேக்ரோ, பழைய விஷுவல் பேசிக் மென்பொருள்கள் ஆகியவற்றுக்கு இந்த வசதி இல்லை. அங்கே டிரைவரை ஒவ்வொரு கணினியிலும் நிறுவித்தான் ஆக வேண்டும். ஆனால் நீங்கள் நடந்துபோய் நிறுவ வேண்டியதில்லை. உங்கள் மென்பொருளின் இன்ஸ்டாலரே டிரைவரின் இன்ஸ்டாலரைச் சத்தமில்லாமல் ஓட்டிவிடலாம். அல்லது அலுவலகக் கணினிகளை மொத்தமாக நிர்வகிப்பவர் ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றுக்கும் தள்ளிவிடலாம்.

எஸ்க்யூலைட் இந்தக் கதையில் சேராது. அதற்குச் சர்வரே கிடையாது. அது உங்கள் மென்பொருளுக்குள்ளேயே ஓடும் ஒரு நூலகம், டேட்டா ஒரு ஃபைலில் இருக்கும். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அருமையானது. பலர் ஒரே ஃபைலை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்து ஒரே நேரத்தில் எழுதலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

## முகவரியை எங்கே எழுதுவது

கோடுக்குள்ளேயே எழுதிவிட்டால் நல்லதுதானே? சர்வர் மாறும் நாள் வரை நல்லதுதான். அன்றைக்கு மென்பொருளை மறுபடி கட்டி எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அதனால் முகவரியை ஒரு தனி அமைப்பு ஃபைலில் வைத்து மென்பொருளோடு அனுப்புவதுதான் வழக்கம்.

என்னைக் கேட்டால், அதைவிட முக்கியம் அந்த ஃபைலில் என்ன எழுதுகிறோம் என்பது. ஐபி எண்ணையோ கணினியின் சொந்தப் பெயரையோ எழுத வேண்டாம். நெட்வொர்க் நிர்வாகியிடம் சொல்லி டிஎன்எஸ்ஸில் "விற்பனை-சர்வர்" என்பது போல ஒரு மாற்றுப்பெயர் வாங்கிக்கொள்ளுங்கள். டிஎன்எஸ் என்பது பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும், எல்லோருக்கும் பொதுவான தொலைபேசிப் புத்தகம். சர்வர் மாறினால் அந்தப் புத்தகத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். செல்லப்பெயரின் வசதி மறுபடி கிடைத்துவிடுகிறது. ஆனால் இந்த முறை அது ஒவ்வொரு போனிலும் இல்லை, ஒரே இடத்தில் இருக்கிறது.

## கடவுச்சொல்

மேலே காட்டிய ஸ்ட்ரிங்கில் கடவுச்சொல்லே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். டிரஸ்டட்_கனெக்ஷன் என்றால் "விண்டோஸில் ஏற்கெனவே லாகின் செய்திருக்கும் ஆளாகவே என்னை ஏற்றுக்கொள்" என்று பொருள். எஸ்க்யூஎல் சர்வரும் கணினிகளும் ஒரே டொமைனில், அதாவது லாகின்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அலுவலக ஏற்பாட்டில், இருந்தால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. அனுமதியைச் சர்வர் பக்கத்தில் ஒரு குழுவுக்குக் கொடுத்துவிட்டு, ஆட்களை அந்தக் குழுவில் சேர்ப்பதும் நீக்குவதுமாக வேலை முடிந்துவிடும்.

அது முடியாதபோது பெயரையும் கடவுச்சொல்லையும் ஸ்ட்ரிங்கிலேயே எழுதுகிறார்கள். எக்ஸ்இ ஃபைலாக மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கை. ஒரு எக்ஸ்இ-யிலிருந்து எழுத்துகளை மட்டும் உருவிக் காட்டும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சில நொடி வேலை. ஆக்சஸில் இணைத்த டேபிளில் கடவுச்சொல்லைச் சேமித்தால், மறைந்திருக்கும் ஒரு சிஸ்டம் டேபிளில் அது படிக்கும்படியே கிடக்கும். பூட்டி வைக்கலாமே என்றால், சாவியும் அதே மென்பொருளுக்குள்தானே இருக்க வேண்டும். எனவே இந்த வழியில் போகிறவர்கள், அந்தப் பயனர் கணக்கு யார் கையில் கிடைத்தாலும் பெரிய சேதம் வராதபடி அதன் அதிகாரத்தைக் குறுக்கிவைக்க வேண்டும். நிர்வாகி கணக்கை ஸ்ட்ரிங்கில் எழுதியிருப்பவர்கள் இன்றே மாற்றுங்கள்.

பயனர்கள் அலுவலக நெட்வொர்க்குக்கு வெளியிலும் இருக்கிறார்கள் என்றால் இந்த முறைகள் எதுவுமே சரிவராது. 1433-ஐ இணையத்துக்குத் திறந்துவிடுவது விபரீதம். நடுவில் ஒரு வெப் சேவையை வைத்து, டெஸ்க்டாப் மென்பொருள் அதனிடம் எச்டிடிபிஎஸ் வழியாகப் பேசட்டும். டிரைவரும் கடவுச்சொல்லும் அந்த ஒரு சர்வரில் மட்டும் இருக்கும். வேலை கூடுதல்தான், ஆனால் அப்போதுதான் பயனரின் கணினியில் டேட்டாபேஸுக்காக உண்மையிலேயே ஒன்றும் வைக்க வேண்டியிருக்காது.

## எதில் சோதிப்பது

எழுதியவரின் கணினியில் ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விஷுவல் ஸ்டுடியோவோ சர்வர் நிர்வாகக் கருவிகளோ போட்டபோது டிரைவர்களும் சேர்ந்து வந்திருக்கும், உங்களுக்கே தெரியாது. விண்டோஸ் 10, 11-இன் ப்ரோ பதிப்பில் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்று ஒரு வசதி உண்டு. திறக்கும் ஒவ்வொரு முறையும் அன்றைக்குத்தான் நிறுவியது போல ஒரு வெற்று விண்டோஸைத் தரும். அதில் உங்கள் மென்பொருளை நகலெடுத்து ஓட்டுங்கள்.

ஓடிபிசி எரர் வந்தால் பெரும்பாலும் அதில் ஐந்து எழுத்துக் குறி ஒன்று இருக்கும். ஐஎம்002 என்றால் டிரைவர் இல்லை, அல்லது பெயர் தப்பு, அல்லது 32, 64 மாறிப்போயிருக்கிறது. 08001 என்றால் டிரைவர் கிடைத்துவிட்டது, ஆனால் சர்வரோடு தொடர்பு கிடைக்கவில்லை. முகவரி, போர்ட், ஃபயர்வால், அப்புறம் சான்றிதழ் என்று பாருங்கள். 28000 என்றால் சர்வரே எடுத்துப் பேசி, "நீ யார்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறது. சாண்ட்பாக்ஸில் உங்கள் அலுவலக லாகின் இருக்காது, அதனால் டிரஸ்டட்_கனெக்ஷன் எழுதியவர்கள் அங்கே அனுமதி எரரில்தான் போய் நிற்பார்கள். அதுவரை வந்துவிட்டால் டிரைவரும் முகவரியும் சரி.